சாபம் யார் காதில் விழுகிறது? ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகளில் ஆசியும் சாபமும்

பள்ளியில் வியங்கோள் வினைமுற்று படித்தது நினைவிருக்கிறதா? வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நான்கு பொருளில் வரும் என மனப்பாடம் செய்திருப்போம். 'வாழ்க' என்பதற்கும் 'ஒழிக' என்பதற்கும் ஒரே விகுதிதான். வாழ்த்தவும் வையவும் தனித்தனி வினைவடிவம் நம் இலக்கணத்துக்குத் தேவைப்படவில்லை. இரண்டுமே நடந்ததைத் தெரிவிப்பவை அல்ல. சொல்லியே ஒன்றை நடத்திவிடப் பார்ப்பவை.

ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகளுக்குள் புதிதாக நுழைகிறவர் தடுமாறுவது இந்த வகை வாக்கியங்களில்தான். "ஆசீர்வதியுங்கள், சபியாதிருங்கள்" என்று ரோமர் நிருபத்தில், அதாவது ரோம் நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தில் (12:14), சொல்கிறார் இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல். அதே பவுல் கலாத்தியர் நிருபத்தில், வேறொரு சுவிசேஷத்தைச் சொல்கிறவன் "சபிக்கப்பட்டவனாயிருக்கக்கடவன்" என்கிறார், அதுவும் அடுத்தடுத்து இரண்டு முறை (1:8-9). கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சமாளிக்க வழியில்லை. முன்பு சொன்னதையே இப்போதும் சொல்கிறேன் என்று அழுத்தி எழுதியிருக்கிறார்.

இந்த மாதிரி இடங்களைப் படிக்கும்போது எனக்கு உதவுகிற கேள்வி ஒன்று உண்டு. சாபம் யார் மேல் போடப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, அது யார் காதில் விழுகிறது என்று பார்ப்பது.

கலாத்தியா என்பது இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பவுல் அங்குள்ள சபைகளுக்கு எழுதிய கடிதம் இது. அன்றைக்குக் கடிதம் என்றால் கூடியிருப்போர் நடுவில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பவுலின் கடிதங்களுக்கு ஒரு வழக்கமான தொடக்கம் உண்டு: வாழ்த்து, அப்புறம் "உங்களுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறேன்" என்கிற பகுதி. சண்டை சச்சரவு மலிந்த கொரிந்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில்கூட அந்த நன்றி இருக்கிறது. கலாத்தியருக்கு மட்டும் இல்லை. வாழ்த்து முடிந்ததும், இவ்வளவு சீக்கிரம் நீங்கள் மாறிவிட்டீர்களே, ஆச்சரியமாக இருக்கிறது என்று ஆரம்பித்து நேராகச் சாபத்துக்கு வந்துவிடுகிறார். நன்றி வரும் என்று காத்திருந்த காதுகளில் சாபம் விழுகிறது. அந்த அறையில் எப்படிப்பட்ட மௌனம் நிலவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பவுல் அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல் அனாதெமா. ஒரு தெய்வத்தின் முன் கொண்டுபோய் வைக்கப்பட்டது, காணிக்கை என்பதே அதன் பழைய பொருள். எருசலேம் ஆலயத்தை அழகுபடுத்திய காணிக்கைப் பொருள்களைப் பற்றி லூக்கா எழுதும்போது (21:5) ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் இதே சொல்தான் வருகிறது. காணிக்கை எப்படிச் சாபம் ஆனது? எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ஹேரெம்' என்ற சொல்லுக்கு இதைப் போட்டார்கள். கடவுளுக்கென்றே ஒதுக்கப்பட்டது, இனி மனிதர் கை படக்கூடாதது, அழிந்துபோக வேண்டியது ஹேரெம். எரிகோ பட்டணம் விழுந்தபோது அதில் இருந்ததெல்லாம் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒளித்துவைத்த ஆகான் என்பவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான்.

நம்மூரில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது தெருவில் திரியும், யாரும் அடிக்கமாட்டார்கள், யாரும் விற்கவும் முடியாது. அது சாமியுடையது. அதன் முடிவும் எல்லாருக்கும் தெரியும். காணிக்கை, அழிவு என்ற இரண்டு பொருளும் அந்த ஒரே ஆட்டில் இருக்கின்றன. பவுல் 'அனாதெமா' என்று சொல்லும்போது கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்: அவனைக் கடவுள் கையில் விட்டாயிற்று, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிராளிகளின் பெயரை அவர் சொல்வதே இல்லை. "சிலர்" என்கிறார், அவ்வளவுதான். முதலில் வைப்பது தன்னையே: "நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது" வேறு சொன்னால் என்று தொடங்குகிறது அந்த வாக்கியம்.

அந்தக் காலத்துச் சராசரி சாபத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். கிரேக்க ரோம உலகில் பகையாளியைச் சபிக்க வேண்டுமென்றால் மெல்லிய ஈயத் தகட்டில் கீறி, சுருட்டி, கல்லறையிலோ கிணற்றிலோ கோயில் ஊற்றிலோ போடுவார்கள். பெயர் மிக முக்கியம். ஆள் மாறிவிடக்கூடாது என்று தாயின் பெயரைக்கூடச் சேர்ப்பதுண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் சூலிஸ் மினர்வா தெய்வத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து இப்படிச் சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். 4-ஆம் நூற்றாண்டுத் தகடு ஒன்றில் அன்னியானுஸ் என்பவர், தன் பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு திருடியவன் "புறசமயத்தானோ கிறிஸ்தவனோ", ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, யாராயிருந்தாலும் விடாதே என்று தேவியிடம் முறையிடுகிறார். திருட்டுச் சந்தேகப் பட்டியலில் கிறிஸ்தவர்களும் இடம்பிடித்துவிட்டார்கள் பாருங்கள்!

தகட்டுச் சாபத்தைத் தெய்வம் மட்டும் படித்தால் போதும். யாருக்கும் தெரியாமல் இருப்பதே அதன் பலம். பவுலின் சாபமோ உரக்க வாசிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது. அதைக் கேட்ட கலாத்தியர் ஒவ்வொருவரும் நான் எந்தப் பக்கம் என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும்.

இந்த முறையை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எபிரேய வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 27, 28 அதிகாரங்களைப் பாருங்கள். சீகேம் பள்ளத்தாக்கின் இருபுறமும் இரண்டு மலைகள்: ஆசி கூறக் கெரிசீம், சாபம் கூற ஏபால். இஸ்ரவேலரில் ஆறு கோத்திரங்கள் இங்கே, ஆறு கோத்திரங்கள் அங்கே. சமயப் பணிக்குரிய கோத்திரத்தாரான லேவியர் ஒவ்வொரு சாபமாகச் சொல்ல, ஜனங்களெல்லாரும் "ஆமென்" சொல்ல வேண்டும், பன்னிரண்டு முறை. தன் தலையில் விழக்கூடிய சாபத்துக்குத் தானே ஆமென் போடும் சடங்கு இது. 28-ஆம் அதிகாரத்தில் ஆசிக்கு 14 வசனம், சாபத்துக்கு 54. இந்த விகிதம் அந்த வட்டாரத்தில் புதிதல்ல. அசீரியப் பேரரசன் எசர்ஹத்தோன் கி.மு. 672-இல் தன் வாரிசுக்காகச் சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பிரமாணத்திலும் பக்கம் பக்கமாகச் சாபம்தான்.

பவுல் கலாத்தியரில் இந்த உபாகமத்தையே எடுத்துத் திருப்பிப்போடுகிறார். மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று அதில் ஒரு வசனம் இருக்கிறது (21:23). சிலுவையில் இறந்த ஒருவரை மேசியா என்று அறிவித்தவர்களுக்கு இதைவிடச் சங்கடமான வசனம் இருந்திருக்க முடியாது. பவுல் அதை மறைக்கவில்லை. ஆமாம், அவர் நமக்காகச் சாபமானார், அதனால்தான் ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட ஆசீர்வாதம் மற்ற இனத்தாருக்கும் வந்தது என்கிறார் (3:13-14). எதிராளி வைத்திருந்த கத்தியின் பிடியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிற வாதம். இறையியலாக ஏற்கிறோமோ இல்லையோ, பேச்சுக்கலையாக அது அபாரம்.

சரி, இயேசுவின் பேச்சுக்கு வருவோம். இங்கே முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு மலைமேல் ஆற்றும் உரையான மலைப்பொழிவின் தொடக்க வாக்கியங்களை ஆசீர்வாதங்கள் என்று பலர் சொல்கிறோம். கிரேக்கத்தில் ஆசி கூறுவதற்குச் சொல் வேறு: எவ்லோகெய்ன், நல்வாக்குச் சொல்வது. மலைப்பொழிவில் வருவது மகாரியோஸ், அதாவது கொடுத்துவைத்தவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'பாக்கியவான்கள்', கத்தோலிக்கர் வாசிக்கும் 'பேறுபெற்றோர்' இரண்டுமே இதைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. இது 'நன்றாக இரு' என்று கைதூக்கும் வாழ்த்து அல்ல, 'கொடுத்துவைத்தவனய்யா நீ' என்று அறிவிப்பது. பசியோடிருப்பவனைப் பார்த்து இதைச் சொன்னால் கேட்பவன் விழிப்பான். அப்படி விழிக்க வைப்பதுதான் நோக்கம்.

எதிர்ப்பக்கத்தில் வருவது ஊவாய். துக்கத்தில் தானாக எழும் ஒலிக்கு எழுத்துக் கொடுத்தால் கிடைக்கும் சொல். தமிழில் 'ஐயோ' என்று பெயர்த்தவர்களுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம், ஏனென்றால் நம் ஐயோவுக்கும் இதே இரட்டைக் குணம் உண்டு. பறிகொடுத்தவள் கதறுவதும் ஐயோதான், "ஐயோன்னு போவ" என்று தெருச்சண்டையில் மண்ணை வாரித் தூற்றுவதும் ஐயோதான். எபிரேயத் தீர்க்கதரிசிகளின் 'ஹோய்' இழவு வீட்டிலிருந்து வந்த சொல். உயிரோடு இருப்பவனைப் பார்த்து ஒப்பாரியைத் தொடங்கினால் அது எச்சரிக்கையாகவும் சாபமாகவும் ஆகிவிடுகிறது.

லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் நான்கு பாக்கியமும் நான்கு ஐயோவும் எதிரெதிராக நிற்கின்றன. ஏழைக்கு எதிரே பணக்காரன், பசித்தவனுக்கு எதிரே திருப்தியானவன், அழுகிறவனுக்கு எதிரே சிரிக்கிறவன், பகைக்கப்பட்டவனுக்கு எதிரே எல்லாரும் புகழ்கிறவன். "ஐசுவரியவான்களாகிய உங்களுக்கு ஐயோ" என்று முன்னிலையில் பேசுகிறார் இயேசு. ஆனால் பேச்சைத் தொடங்கும்போது அவர் கண்களை ஏறெடுத்துப் பார்த்தது தம் சீடர்களை (6:20). பணக்காரர்களை எதிரே நிற்பவர்கள்போல விளித்து முடித்தவுடன், "கேட்கிற உங்களுக்கு நான் சொல்லுகிறேன்" என்று திரும்புகிறார் (6:27). இல்லாத ஆளை முன்னிலையில் கூப்பிட்டு, இருக்கிற ஆளுக்குச் சேதி சொல்லும் உத்தி. மாமியார் பூனையைத் திட்டினால் மருமகளுக்குப் புரிவது மாதிரி. அந்தக் "கேட்கிற உங்களுக்கு" சொல்லப்படும் சேதி என்ன தெரியுமா? உங்களைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள்.

மத்தேயு இந்த இணையைப் பிரித்துவிட்டார். பாக்கியங்களை 5-ஆம் அதிகாரத்தில் முதல் பெரிய உரையின் வாசலிலும், வேதபாரகர், பரிசேயர் என்ற யூதச் சமயத் தலைவர்களை நோக்கிய ஏழு ஐயோக்களை 23-ஆம் அதிகாரத்தில் கடைசிப் பேச்சுகளின் பக்கத்திலும் வைத்தார். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்குபோலச் சுவிசேஷம் கிடக்கிறது.

இப்போது ஆரம்பத்தில் பார்த்த முரண்பாட்டுக்குத் திரும்பலாம். ரோமர் 12-இல் சபிக்காதீர்கள் என்னும் இடத்தில் அனாதெமா என்ற சொல் இல்லை. அங்கே இருப்பது சாதாரணமாகச் சபிப்பதைக் குறிக்கும் வினை. சில வசனங்கள் தள்ளி, பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள் என்கிறார். சொந்தப் பகைக்குச் சபிக்காதே, சபையின் எல்லைக்காக ஒருவனைக் கடவுளிடம் விட்டுவிடலாம் என்று பிரித்துக்கொள்ளலாம். பல விளக்கவுரைகள் இப்படித்தான் முடிச்சை அவிழ்க்கின்றன. எனக்கு இதில் பாதிதான் திருப்தி. எது சொந்தப் பகை, எது சபையின் எல்லை என்று சொல்கிறவரும் சபிக்கிறவரும் ஒரே ஆள்தானே! யாக்கோபு நிருபத்தை எழுதியவருக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்கும்போல. கடவுளைத் துதிக்கிற அதே வாய் அவர் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறது, ஒரே ஊற்றில் தித்திப்பும் கசப்பும் சுரக்குமா என்று கேட்கிறார் (3:9-11).

புதிய ஏற்பாட்டுக்கு வெளியே வந்தால் கதைகள் இந்தச் சிக்கலை இன்னும் வெளிப்படையாக எடுத்து விளையாடுகின்றன. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் உருவானதாகக் கருதப்படும் 'தோமாவின் பணிகள்' அதில் ஒன்று. சாந்தோமையும் பரங்கிமலையையும் அறிந்தவர்களுக்கு இயேசுவின் சீடர் தோமா வேற்றாள் இல்லை. இந்தியாவுக்கு வரும் வழியில் ஒரு நகரத்தில் இறங்குகிறார். அரசன் மகளுக்குக் கல்யாணம், எல்லாரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. தோமா போய் உட்கார்கிறார், சாப்பிடவில்லை. குழல் வாசிக்கும் எபிரேயப் பெண் ஒருத்தி அவர் அருகில் நெடுநேரம் நின்று வாசிக்கிறாள். பானம் பரிமாறுகிறவன் ஒருவன் வந்து தோமாவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் சொல்கிறார்: மறுமையில் என் கடவுள் உனக்கு இதை மன்னிப்பார், ஆனால் என்னை அடித்த கையை நாய்கள் இழுத்து வருவதை இப்போதே காண்பேன்.

மன்னிப்பும் சாபமும் ஒரே மூச்சில். மறுகன்னத்தைக் காட்டு என்ற கட்டளையை மீறாமலும், கேட்கிறவர்களின் நியாய உணர்ச்சியைப் பட்டினி போடாமலும் கதைக்காரர் எப்படித் தப்பிக்கிறார் பாருங்கள். அப்புறம் அந்த ஆள் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போக, சிங்கம் கிழித்துப் போடுகிறது. ஒரு கறுப்பு நாய் வலது கையைக் கவ்விக்கொண்டு விருந்துக்குள் வருகிறது. எல்லாரும் பதறுகிறார்கள், காரணம் தெரியவில்லை. தோமா எபிரேயத்தில் பேசியிருந்தார். புரிந்தது குழல்காரி ஒருத்திக்குத்தான். அவள் குழலை உடைத்துப்போட்டு அவர் காலடியில் வந்து உட்காருகிறாள். சாபம் விழுந்தது பரிமாறியவன் மேல், வேலை செய்தது அவள் காதில். அன்றிரவே அரசன் வற்புறுத்த, தோமா மணமக்களை ஆசீர்வதிக்கவும் செய்கிறார்.

இந்தக் கதையைப் பெயர்பெற்ற இறையியலாளர் அகுஸ்தீனும் எடுத்துப் பேசியிருக்கிறார். பழைய ஏற்பாட்டுக் கடவுள் தண்டிக்கிறார் என்று பழித்த மணிக்கேயர்கள், அதாவது மானி என்பவரின் சமயத்தார், இதை மட்டும் விரும்பி வாசித்தார்களே என்பது அவர் குத்தல்.

இதைவிட முரட்டுத்தனமானது 'தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி'. ஐந்து வயதுச் சிறுவன் இயேசு, தோளில் இடித்த பையனைச் சபிக்க, பையன் அங்கேயே இறந்துபோகிறான். பெற்றவர்கள் யோசேப்பிடம் வந்து, இவனுக்கு ஆசீர்வதிக்கச் சொல்லிக்கொடு, சபிக்க அல்ல, இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போ என்கிறார்கள். பவுல் சபைக்குச் சொன்ன அறிவுரை இங்கே இயேசுவைப் பற்றியே அண்டைவீட்டார் வாயில்! எழுதியவர் தெரிந்துதான் செய்தாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சாபம் சொல்லும்படி வெளியிலிருந்தவர்களும் வற்புறுத்தினார்கள். சுமார் கி.பி. 112-இல் பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் தன் விசாரணை முறையை விவரிக்கிறார். குற்றம்சாட்டப்பட்டவர் தெய்வங்களை வேண்ட வேண்டும், பேரரசனின் சிலைக்குத் தூபமும் திராட்சரசமும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவர்களை இதில் எதையும் செய்ய வைக்க முடியாது என்று கேள்விப்பட்டதாகவும் எழுதுகிறார். ஒருவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று ஒரு சாபவாக்கியம் காட்டிவிடும் என்று ரோமானிய அதிகாரிக்கும் தெரிந்திருக்கிறது. அதே நூற்றாண்டில் சிமிர்னா நகரின் ஆயர் பொலிகார்ப்பிடமும் இதைத்தான் கேட்டார்கள். எண்பத்தாறு ஆண்டு கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் அரசரை எப்படிப் பழிப்பேன் என்றார் கிழவர்.

இரண்டு நூற்றாண்டு கழித்து எல்லாம் தலைகீழ். 325-இல் பேரரசன் கொன்ஸ்தந்தீன் கூட்டிய நிசேயா சங்கம் ஒரு விசுவாசப் பிரமாணத்தை இயற்றியது. இன்று ஆலயங்களில் சொல்லப்படும் வடிவம் 381-ஆம் ஆண்டுக் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு தொடர்புடையது, அதில் சாபம் கிடையாது. 325-ஆம் ஆண்டு மூலத்திலோ, நம்புகிறோம் நம்புகிறோம் என்று வந்து, கடைசியில் அனாதெமா. மகனாகிய கடவுளைப் பற்றி "அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று இருந்தது" என்று சொல்கிறவர்களைத் திருச்சபை அனாதெமா செய்கிறது என்று முடியும். அந்த வாக்கியத்தை நுணுக்கமாக வடித்தது, வந்திருந்த ஆயர்கள் கையெழுத்துப் போடுவதற்காக. நிக்கொமேதியாவின் எவுசேபியுவும் நிசேயாவின் தெயோக்னிசும் பிரமாணத்துக்குக் கையெழுத்திட்டார்கள், அனாதெமாவுக்கு மறுத்தார்கள் என்று 5-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் சொக்ரத்தேஸ் பதிவு செய்கிறார். அவர்கள் பிற்பாடு நாடுகடத்தப்பட்டார்கள். நம்பிக்கையை ஒப்புக்கொள்வது அவர்களுக்குக் கடினமாக இல்லை. அந்தக் கருத்தைப் போதித்த, தங்களுக்குத் தெரிந்த ஆரியுசைச் சபிப்பதுதான் கை வராத இடம்.

கேட்பவரைக் குறிவைத்த சாபம் என்று சொல்லிவிட்டால், யார்மேல் போடப்பட்டதோ அவருக்கு ஒன்றும் ஆகாது என்று பொருள் இல்லை. 386-387-இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தம் எட்டு மறையுரைகள் ஆற்றினார். யூதர் திருவிழாக்களுக்கும் நோன்புகளுக்கும் போய்க்கொண்டிருந்த தன் சபையாரைத் தடுப்பது அவர் நோக்கம். உட்கார்ந்து கேட்டவர்கள் கிறிஸ்தவர்கள். வசைச் சொற்களெல்லாம் யூதர்மேல். கேட்டவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த உரைகள் படியெடுக்கப்பட்டன, மொழிபெயர்க்கப்பட்டன, யூதர்களுக்கு எதிராகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டன. யூதர்களுக்குள் நடந்த சண்டையாகத் தொடங்கிய மத்தேயு 23-க்கும் இதே கதிதான்.

கடைசியாக, வேதாகமத்தின் கடைசிப் பக்கம். வெளிப்படுத்தின விசேஷம் வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் பாக்கியவான்கள் என்று அறிவித்துத் தொடங்குகிறது (1:3). அந்த நூலில் மொத்தம் ஏழு பாக்கியங்கள். முடிவில் அதே கேட்கிறவனுக்கு எச்சரிக்கை: இவற்றோடு எதையாவது கூட்டினால் வாதைகள் கூட்டப்படும், எதையாவது எடுத்தால் அவன் பங்கு எடுத்துப்போடப்படும் (22:18-19). படியெடுப்பவர்களின் கையைக் கட்டிப்போடும் சாபம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி நூல் ஒரு வாழ்த்தோடு முடிகிறது, கிருபை உண்டாவதாக என்று. யாருக்கு? ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் "எல்லாரோடும்" என்றிருக்கிறது, இன்னொன்றில் "பரிசுத்தவான்களோடு", வேறு பலவற்றில் "எல்லாப் பரிசுத்தவான்களோடும்". சாபத்தைப் படியெடுத்து முடித்த சூட்டோடு, ஆசியின் எல்லையில் கைவைத்திருக்கிறார்கள்.